நீரின் தோலைத் துளைத்து எழும் இழை

நுண்ணுயிரியல் முதலாண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சில பாக்டீரியாக்கள் சோப்பைப் போன்ற பெப்டைடுகளைச் சுரக்கின்றன என்று பாடத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது. பாக்டீரியாவுக்குச் சோப்பு எதற்கு? அது வளர்வதற்கும் உருமாறுவதற்கும் இந்தப் பெப்டைடுகள் எப்படி உதவுகின்றன?"

நல்ல கேள்வி. பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருக்கும் வேலை பல பத்தாண்டுகளுடையது. 'சோப்பு' என்ற சொல் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண்வாழ் பாக்டீரியாவிலிருந்து தொடங்குகிறேன். பெயர் புதிதாக இருந்தாலும் அதன் மணம் உங்களுக்குத் தெரியும். வறண்ட நிலத்தில் முதல் மழை விழும்போது கிளம்பும் மண்வாசனையில் பெரும்பங்கு ஜியோஸ்மின் என்ற சேர்மத்தினுடையது. மண்ணில் அதை உண்டாக்குபவற்றில் முதன்மையானது இந்தப் பேரினம். காசநோய்க்கு எதிராகப் பயன்பட்ட முதல் ஆன்டிபயாடிக்கான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் பிரித்தெடுக்கப்பட்டதும் இந்தப் பேரினத்தைச் சேர்ந்த ஓர் உயிரியிலிருந்துதான்.

பாக்டீரியா என்றதும் நம் மனத்தில் குச்சியோ உருண்டையோ தோன்றும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் அப்படி வாழ்வதில்லை. ஒரு வித்து முளைத்து, பூஞ்சையைப் போல மெல்லிய இழைகளாகக் கிளைத்து, ஈரமான மண்ணுக்குள் வலைபோலப் பரவுகிறது. உணவு இருக்கும் வரை இந்த அடி இழைகள் தின்று வளர்கின்றன. உணவு குறையும்போது வாழ்க்கை திசை மாறுகிறது. இழைகள் சில மண்ணின் ஈரத்தை விட்டு மேல்நோக்கி, காற்றுவெளிக்குள் எழுகின்றன. இவற்றை வான் இழைகள் என்று வைத்துக்கொள்வோம். எழுந்த இழை பிறகு குறுக்குச் சுவர்களால் பகுக்கப்பட்டு, மணிகள் கோத்த சரம்போல வித்துகளின் தொடராகிறது. ஒரே இழையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வித்துகள் உருவாகலாம்.

இதில் கடினமான கட்டம் எது என்று கேட்டால், பெரும்பாலோர் வித்து உருவாவதைச் சொல்வார்கள். ஈரத்திலிருந்து காற்றுக்குள் தலையை நீட்டும் அந்த முதல் கணத்தைத்தான் நான் சொல்வேன்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். அறை வெப்பநிலையில் தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். ஒரு மைக்ரோமீட்டர் தடிமனும் ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு நீளமும் கொண்ட இழை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது நீர்ப்பரப்பைக் கடக்கும் இடத்தில் அதன் சுற்றளவைப் பற்றி நீர் இழுக்கும் விசையைக் கணக்கிட்டு, இழையின் எடையோடு ஒப்பிட்டால், விசை எடையைப்போல ஏறத்தாழ 3 லட்சம் மடங்கு வருகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் குளத்திலிருந்து கரையேறும்போது 18,000 டன் அவரைப் பின்னிழுத்தால் எப்படி இருக்கும்? நாம் குளித்துவிட்டு எழுந்துவரும்போது நீரின் மேற்பரப்பு இருப்பதையே உணர்வதில்லை. உருவம் சிறுக்கச் சிறுக்க எடை மிக வேகமாகக் குறைகிறது. பரப்பின் பிடியோ அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. குளத்தின் மேல் ஓடும் நீர்ப்பூச்சியை அந்தப் பிடி தாங்குகிறது, பாக்டீரியாவைச் சிறைவைக்கிறது.

அந்தப் பிடியை மீறி இழையை மேலே தள்ளுவது அதன் உள்ளழுத்தம். அதே எளிய கணக்கின்படி, 72 என்ற இழுவிசையை வெல்ல ஏறத்தாழ 3 வளிமண்டல அழுத்தம் வேண்டும். இழுவிசை 30 ஆகக் குறைந்தால் ஒன்றேகால் போதும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் இழை நுனியில் மட்டுமே வளர்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த நுனிச் சுவர் அப்போதுதான் கட்டப்பட்டது, இன்னும் இறுகாதது. தேவைப்படும் அழுத்தம் பாதிக்கும் கீழே போவது அதற்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்ல வேண்டியதில்லை.

பரப்பு இழுவிசையைக் குறைக்க என்ன வேண்டும்? ஒரு முனை நீரை விரும்பி, மறுமுனை நீரை வெறுக்கும் மூலக்கூறு வேண்டும். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பது அவற்றிலுள்ள சப்போனின்கள் அப்படிப்பட்டவை என்பதால்தான். ஸ்ட்ரெப்டோமைசிஸ் அந்த வேலையைப் பெப்டைடால் செய்கிறது.

அதைக் கண்டுபிடித்த கதைக்கு வழுக்கைத் தலைதான் துப்புக் கொடுத்தது. பிரிட்டனில் டேவிட் ஹாப்வுட் 1950களில் தொடங்கி வளர்த்தெடுத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் மரபியலில், இயல்பான திட்டு (ஒரே இடத்தில் வளர்ந்த பாக்டீரியாக் கூட்டம்) முதலில் வெண்பஞ்சு போர்த்தியதுபோல் மெத்தென்று தெரியும். வித்துகள் முதிரும்போது சாம்பல் நிறமாகும். மரபணு மாறிய சில திரிபுகளில் மட்டும் அந்தப் பஞ்சே வராது, திட்டு மொட்டையாகப் பளபளக்கும். அவற்றுக்கு 'வழுக்கை'த் திரிபுகள் என்றே பெயர். வான் இழை எழாதவை அவை. இழை எழுந்தும் வித்து முதிராமல் வெள்ளையாகவே நின்றுவிடும் இன்னொரு கூட்டத்துக்கு 'வெள்ளை'த் திரிபுகள் என்று பெயர். ஒரு பாக்டீரியாவின் வளர்ச்சிப் படிகளை வெறும் கண்ணால் திட்டின் நிறத்தைப் பார்த்தே பிரித்தறிய முடிந்தது. எனக்கு இந்தத் துறையின் மேல் பற்று வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வழுக்கைத் திரிபுகளை அகர் என்ற கூழ் நிரப்பிய தட்டில் தனித்தனியே வளர்த்தால் எல்லாமே மொட்டை. இரண்டு வெவ்வேறு திரிபுகளை அருகருகே வளர்த்தால், சில இணைகளில், ஒன்று மற்றொன்றின் எல்லையோரத்தில் வெண்பஞ்சை வரவழைத்துவிடும். செல்கள் கலக்கவில்லை, மரபணுக்கள் கைமாறவில்லை. ஏதோ ஒரு பொருள் அகர் வழியே ஊறிச் சென்று குறையை நிரப்பியிருக்கிறது. அந்தப் பொருள்களில் ஒன்றை 1991இல் ஜோவன் வில்லி, ரிச்சர்ட் லாசிக் முதலியோர் சுத்தமாகப் பிரித்து, வழுக்கைத் திரிபின் அருகே வைத்தார்கள். திட்டு இழைகளை எழுப்பியது. சாப்-பி என்று அழைக்கப்படும் சிறு பெப்டைடு அது. வித்துகளோடு ஒட்டியிருக்கும் புரதம் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே 'சாப்'.

மரபணுவில் குறையுள்ள ஓர் உயிரியின் உருவத்தை வெளியிலிருந்து ஒரு சொட்டு ஊற்றிச் சரிசெய்ய முடிகிறது என்பதை முதன்முதல் படித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு வேறெதையும் படிக்க முடியவில்லை.

அடுத்து வந்த சோதனை இன்னும் வியப்பானது. சைசோஃபில்லம் கம்யூன் என்ற காளான் தன் இழைகளைக் காற்றில் எழுப்ப எஸ்சி-3 என்ற ஹைட்ரோஃபோபின் புரதத்தைப் பயன்படுத்துகிறது. பூஞ்சையும் பாக்டீரியாவும் உயிர்மரத்தில் வெகுதொலைவில் நிற்பவை. எஸ்சி-3க்கும் சாப்-பிக்கும் அமினோ அமில வரிசையில் ஒற்றுமை எதுவும் இல்லை. ஆனால் அந்தக் காளான் புரதத்தை வழுக்கை பாக்டீரியாவுக்குக் கொடுத்தபோது அதுவும் இழைகளை எழுப்பியது. 1998இல் இது வெளியானது. சாப்-பி நீரின் பரப்பு இழுவிசையை 72இலிருந்து 30 அளவுக்கு இறக்குகிறது என்பதும் அந்த ஆய்வில் அளக்கப்பட்டது. சாப்-பி ஓர் இரகசியச் செய்தியைக் கொண்டுபோகும் தூதன் என்று நினைத்திருந்தால், வேற்றுமொழி பேசும் காளானின் புரதம் எப்படி அதே வேலையைச் செய்யும்? இங்கே நடப்பது பெரும்பாலும் இயற்பியல் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

ஒன்றைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள், பாடநூல்கள் இதை விட்டுவிடுகின்றன. இப்படி வெளியிலிருந்து எழுப்பப்பட்ட இழைகள் வித்தாக மாறுவதில்லை. எழுகின்றன, நிற்கின்றன, அவ்வளவுதான். வழுக்கை மரபணுக்கள் பலவும் ஒழுங்குபடுத்தும் மரபணுக்கள். சாப்-பி உண்டாவது அவை ஆளும் பல வேலைகளில் ஒன்று. பெப்டைடு கதவைத் திறந்துவிடும், கதவுக்கு அப்பால் நடக்க வேண்டியதை அது சொல்லிக்கொடுக்காது.

சாப்-பி எங்கிருந்து வருகிறது என்பது 2004 வரை புதிராகவே இருந்தது. செல்லில் புரதங்களைக் கோக்கும் ரைபோசோம் இல்லாமல், தனி நொதிகளால் கோக்கப்படும் பெப்டைடாக இருக்கலாம் என்றுகூட எண்ணினார்கள். வில்லி, ஜஸ்டின் நாட்வெல் முதலியோர் அதன் பிறப்பிடத்தைக் காட்டினார்கள். ராம்-எஸ் என்ற மரபணு 42 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு முன்வடிவத்தைத் தருகிறது. அதில் சில செரீன்கள் நீர் இழக்கின்றன. இரண்டு இடங்களில் அவை சிஸ்டீனின் கந்தகத்தோடு பிணைந்து வளையங்களாகின்றன. முன்பாதி வெட்டப்பட்டு 21 அமினோ அமிலங்கள் மிஞ்சுகின்றன. வளையங்களுக்குள் நீர்வெறுப்பு அமினோ அமிலங்கள் கூடி நிற்பதால் மூலக்கூறுக்கு இரண்டு முகங்கள் கிடைக்கின்றன.

இந்தக் கட்டமைப்பு ஒரு பழைய குடும்பத்தினுடையது. பாலாடைக்கட்டி கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் நைசின் இதே வகைக் கந்தக வளையங்களைக் கொண்டது; அந்தக் குடும்பத்துக்கு லான்டிபயாடிக் என்று பெயர். நைசின் பிற பாக்டீரியாக்களைக் கொல்கிறது. சாப்-பிக்கோ கொல்லும் ஆற்றல் காணப்படவில்லை. ஆயுதம் செய்யும் பட்டறையில் செய்யப்பட்டாலும் இது ஒரு கட்டுமானக் கருவி. ஸ்ட்ரெப்டோமைசிஸ் டென்டே என்ற உறவினத்தில் சாப்-டி என்ற இன்னொரு பெப்டைடு இருக்கிறது. அதுவும் 21 அமினோ அமிலங்கள் கொண்டது, அதுவும் வழுக்கைத் திரிபில் இழைகளை எழுப்புகிறது.

சாப்-பி மட்டும் போதும் என்றால் கதை இங்கேயே முடிந்திருக்கும். வளமான ஊடகத்தில், அதாவது ஆய்வகத்தில் தரும் சத்தான உணவுக் கலவையில், வளர்த்தால்தான் சாப்-பி தேவைப்படுகிறது. மானிடால் போன்ற சர்க்கரை ஆல்கஹால் மட்டும் தரும் எளிய ஊடகத்தில், சாப்-பி இல்லாமலே வான் இழைகள் எழுகின்றன. அப்படியானால் வேறு யாரோ அந்த வேலையைச் செய்கிறார்கள். 2003இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் அந்த 'யாரோ'வைக் கண்டன. சாப்ளின்கள் என்று பெயரிடப்பட்ட எட்டுப் புரதங்கள்: மூன்று நீளமானவை, ஐந்து குட்டையானவை. நீளமானவை செல்சுவரில் நங்கூரமிடப்படுகின்றன. குட்டையானவை வெளியே வந்து, காற்றும் நீரும் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று அடுக்கி நார்களாகின்றன. அந்த நார்களின் அடுக்குமுறை அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் அமிலாய்டு நார்களின் அடுக்குமுறையே. மனித மூளையில் நோயோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு கட்டமைப்பை இந்த மண்வாழ் உயிரி திட்டமிட்டே கட்டி, அதை உடையாக அணிந்துகொள்கிறது. எட்டு மரபணுக்களையும் நீக்கினால் வான் இழைகள் எழுவது பெரிதும் தடைபடுகிறது.

'சோப்பு' என்ற ஒப்புமை இங்கேதான் தேய்ந்துபோகிறது. சோப்பு நுரைத்து, வேலை முடிந்ததும் கழுவிப் போய்விடும். சாப்ளின்களோ நீர்ப்பரப்பைத் தளர்த்திய கையோடு இழையின் மேலேயே தங்கிவிடுகின்றன. நீரை விரும்பும் பக்கம் செல்சுவரை ஒட்டி நிற்க, வெறுக்கும் பக்கம் வெளியே பார்த்து நிற்கிறது. இழை வெளியே வந்தபின் அதன் மேல் நீர்த்துளி ஒட்டாது; தாமரை இலை மேல் துளி உருள்வதுபோல உருண்டுவிடும். மழை பெய்தாலும் இழை மீண்டும் ஈரத்துக்குள் இழுத்துக்கொள்ளப்படாமல் நிற்க இதுவே காரணம். ராட்லின்கள் என்ற இன்னும் இரண்டு புரதங்கள் அந்த நார்களை இணையிணையாக ஒழுங்குபடுத்துகின்றன. மின்னணு நுண்ணோக்கியில் வித்தின் மேற்பரப்பைப் பார்த்தால் பாய் பின்னியதுபோன்ற வரிகள் தெரியும்.

ஸ்ட்ரெப்டோமைசிஸ் பற்றியே பேசிவிட்டு நிறுத்தினால் பாதிப் பதில்தான் கொடுத்தவனாவேன். மண்ணில் அதன் அண்டை வீட்டுக்காரன் பேசில்லஸ் சப்டிலிஸ். இது சுரக்கும் சர்ஃபாக்டின், 1968இல் ஜப்பானில் இரத்த உறைவைத் தடுக்கும் பொருளாக முதலில் அறிவிக்கப்பட்டது. ஏழு அமினோ அமிலங்கள் வளையமாகி, அதில் ஒரு கொழுப்பு அமில வால் தொங்கும். மிகக் குறைந்த அளவிலேயே நீரின் பரப்பு இழுவிசையை 72இலிருந்து 27 வரை இறக்கிவிடும். சாப்-பியைப்போல இது ரைபோசோமில் பிறப்பதில்லை. மாபெரும் நொதிகள் மூன்று, ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஒரு பகுதி என்று தொழிற்சாலை வரிசைபோல நின்று இதைக் கோக்கின்றன.

பேசில்லஸ் இதை முதன்மையாக நகரப் பயன்படுத்துகிறது. அகரின் மேல் கூட்டமாகப் பரவும்போது, செல்கள் வந்து சேர்வதற்கு முன்பே மெல்லிய ஈர வளையம் ஒன்று முன்னால் ஓடுவதைப் பார்க்கலாம். சர்ஃபாக்டின் பரப்பை நனைத்து வழி செய்கிறது, செல்கள் அந்த ஈரத்தில் கசையிழைகளைச் சுழற்றி நீந்துகின்றன. டேனியல் கேர்ன்ஸும் லாசிக்கும் 2003இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். அதற்கு அவர்கள் ஆய்வகத்தில் பழகாத 3610 என்ற வகையைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. உலகமெங்கும் ஆய்வகங்கள் பல பத்தாண்டுகளாக வளர்த்துவந்த 168 என்ற வகை சர்ஃபாக்டின் செய்வதில்லை. அந்த நொதி வரிசையை இயங்கவைக்கும் எஸ்எஃப்பி என்ற மரபணு அதில் பழுதடைந்திருக்கிறது. நேர்த்தியான, கையாள எளிதான வகைகளையே மனிதர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். அந்தத் தேர்வில் கூட்டமாக ஊர்வதும், திட்டின் மேல் சிறு கோபுரங்களை எழுப்புவதும் நம் கண்ணிலிருந்து மறைந்துபோயின. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் வருகிறது. நம் வசதிக்காக வளர்த்த உயிரியைப் பார்த்து அந்த உயிரினத்தைப் பற்றியே பாடம் எழுதிவிட்டோம்.

சர்ஃபாக்டினுக்கு வேறொரு முகமும் உண்டு. 2009இல் டேனியல் லோபஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வுகளின்படி, அது செல்சவ்வில் நுண்ணிய துளைகளை உண்டாக்கி, உள்ளிருக்கும் பொட்டாசியத்தைக் கசியவிடுகிறது. அந்தக் கசிவைச் செல் உணர்ந்து, திட்டைப் பிணைத்துவைக்கும் பசைப்பொருளைச் சுரக்கத் தொடங்குகிறது. சர்ஃபாக்டினைச் செய்யும் செல்கள் ஒரு பிரிவு, அதைக் கேட்டுப் பசை சுரப்பவை வேறு பிரிவு. ஒரே மரபணுத் தொகுதி கொண்ட செல்களுக்குள் இப்படி வேலைப் பங்கீடு நடக்கிறது. பரப்பைத் தளர்த்தும் அதே பெப்டைடு இங்கே செய்தியாகவும் ஆகிவிடுகிறது.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். எல்லாமே பரப்பு இழுவிசையைக் குறைக்கும் வேலைதான் என்றால், பேசில்லஸின் சர்ஃபாக்டின் ஸ்ட்ரெப்டோமைசிஸின் இழைகளையும் எழுப்ப வேண்டும் அல்லவா? சாப்-பியைவிட வலிமையாக இழுவிசையை இறக்குவது அது. காளான் புரதமே வேலை செய்ததே! 2006இல் பால் ஸ்ட்ரெய்ட், வில்லி, ராபர்ட்டோ கோல்டர் ஆகியோர் இரண்டு பாக்டீரியாக்களையும் ஒரே தட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். பேசில்லஸ் தன் திட்டின் மேல் எழுப்பும் கோபுரங்களுக்குச் சர்ஃபாக்டின் கட்டாயம் தேவைப்பட்டது. அதே சர்ஃபாக்டின் பக்கத்திலிருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸின் வான் இழைகளைத் தடுத்து, வித்து உருவாவதையும் நிறுத்தியது. வளர்ச்சி மரபணுக்களின் வெளிப்பாடுகூட அதில் மாறியிருந்தது.

ஆகவே இழுவிசை குறைவது தேவை, ஆனால் அது போதாது. எந்த மூலக்கூறு குறைக்கிறது, அது இழையின் மேல் எப்படிப் படிகிறது, செல்சவ்வை என்ன செய்கிறது என்பவையும் கணக்கில் வருகின்றன. சாப்-பியும் எஸ்சி-3யும் இழையைப் போர்த்துகின்றன; சர்ஃபாக்டின் சவ்வை ஊடுருவுகிறது. சர்ஃபாக்டினால் ஸ்ட்ரெப்டோமைசிஸ் முடங்குவதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. மண்ணில் இடத்துக்கும் உணவுக்கும் நடக்கும் போட்டியில், தன் கோபுரத்தை எழுப்பும் பொருளே அண்டை வீட்டுக்காரனின் கோபுரத்தைச் சாய்ப்பது பேசில்லஸுக்கு இரட்டை ஆதாயம். எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை: எம்ஜி-1 என்ற ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை, சர்ஃபாக்டினை வெட்டி முறிக்கும் நொதியைச் சுரப்பது 2012இல் காட்டப்பட்டது.

நீங்கள் செய்முறை வகுப்பில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் திட்டைப் பார்க்க நேர்ந்தால், முதிர்ந்த சாம்பல் நிறத் திட்டின் மேல் ஒரு துளி நீரை மெதுவாக விடுங்கள். துளி பரவாமல் முத்துப்போல நிற்கும். நீங்கள் பார்ப்பது சாப்ளின் உடையின் வெளிப்பக்கம். வித்துகளை நீரில் கரைத்தெடுக்க ஆய்வகங்களில் ஏன் டிரைட்டன் அல்லது ட்வீன் போன்ற சோப்பு வகைப் பொருளைச் சிறிது சேர்க்கிறார்கள் என்பதும் அப்போது புரியும். நீர் தனியாக அந்த உடையை நனைக்க முடியாது.

அந்த உடை பயணத்துக்கும் உதவுகிறது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் வித்துக்குக் கசையிழை கிடையாது, தானாக நகர முடியாது. ஜியோஸ்மின் மணத்தால் கவரப்பட்டு வரும் மிகச் சிறிய மண்வாழ் கணுக்காலிகள் வித்துகளை உடலில் சுமந்து செல்வது 2020இல் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு வாகனத்தைக் கண்டார்கள். நீந்திச் செல்லும் பாக்டீரியா ஒன்றின் கசையிழைகளில் வித்துகள் ஒட்டிக்கொள்கின்றன. வித்தின் மேற்பரப்பில் ராட்லின்கள் இருந்தால்தான் அந்தப் பிடி கிடைக்கிறது. அந்த வாகனத்தின் பெயர் பேசில்லஸ் சப்டிலிஸ். இழையை எழவிடாமல் தடுக்கும் அதே அண்டை வீட்டுக்காரன், எழுந்து முதிர்ந்துவிட்ட வித்தைத் தன் கசையிழையில் தொற்றவைத்து ஈரமண்ணுக்குள் வேறிடம் கொண்டுபோகிறான்.